விசாகப்பட்டினத்திலிருந்து திரும்பிய காலை

கூடூர் ஜங்ஷனில் நாங்கள் நான்கு பேரும் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. விசாகப்பட்டினத்தில் ஐந்து நாள் கிக் பாக்சிங் முகாமை முடித்துவிட்டு, இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்தும் சாய்ந்துமாக வந்திருந்தோம். கூடூரில் சென்னை போகிற பாசஞ்சரைப் பிடித்தால் வழியில் அவரவர் ஊரில் இறங்கிக்கொள்ளலாம். சூலூர்பேட்டையில் ஒருத்தி, ஆரம்பாக்கத்தில் ஒருவர், கும்மிடிப்பூண்டியில் ஒருவன், கடைசியாகப் பொன்னேரியில் நான்.

நான்தான் போய் டிக்கெட் எடுத்து வந்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்க வேண்டியவன் பையின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"டிக்கெட் எடுத்தாச்சாக்கா?"

எடுத்தாச்சு என்று காட்டினேன். டீ வாங்கிக் குடித்தோம். டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு அவன் கேட்டான்.

"டிக்கெட் எடுத்தாச்சாக்கா?"

தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ரயில் வந்து ஏறி, ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்த பிறகு மூன்றாவது தடவையாக அதே குரலில், அதே இழுப்போடு கேட்டான். முன்னால் இரண்டு முறை கேட்டதன் அடையாளமே அந்த முகத்தில் இல்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் வேலை செய்கிறேன். அவன் அதே தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினான். ஷெட்டின் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவரிலும் போட்ட தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. அதன் கூண்டில் உட்கார்ந்துகொண்டு டன் கணக்கில் கம்பிக் கட்டுகளைத் தூக்கி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவன் வீட்டில் எல்லோரும் பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர்கள். ஆலைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். ஹெல்ப்பராகச் சேர்ந்து, கம்பிக் கட்டுகளுக்குச் சங்கிலி மாட்டி, ஐந்து வருடம் கழித்து அந்தக் கூண்டுக்கு ஏறினான். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவன் கழுத்து தானாகவே கொஞ்சம் நிமிரும்.

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தது கும்மிடிப்பூண்டியில், லாரி நிறுத்துகிற பழைய ஷெட் ஒன்றில். வாரத்தில் மூன்று நாள் அங்கே பயிற்சி. நான்கு வருடமாக அவன்தான் எனக்கு ஜோடி. இருவருக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்று. என்னைவிட ஆறு வயது சின்னவன். ஆண், பெண் என்று பார்த்துத் தயங்காமல் என்னை அடித்த ஒரே ஆள் அவன். அந்த மரியாதையை நான் வேறு யாரிடமும் பெற்றதில்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர் அந்த முறை முகாமுக்கு வர முடியவில்லை. நால்வரில் அதிகம் ஆடியவள் நான் என்பதால், மூவரையும் பத்திரமாகக் கூட்டிவரும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்.

நடந்தது முகாமின் கடைசி நாள் மதியம். ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தோம். அவனுடைய தலைக்கவசத்தில் வார் அறுந்துவிட்டது. வேண்டாம், மெதுவாகத்தானே ஆடப்போகிறோம் என்று அதைக் கழற்றி வைத்தான். நானும் சரியென்றேன். முதல் சுற்று மெதுவாகத்தான் போனது. இரண்டாவதில் அவன் என் விலாவில் ஒன்று வைத்தான், நல்ல அடி. எனக்குச் சூடு ஏறியது. களைத்துவிட்டால் அவனுடைய இடது கை இறங்கும். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், எப்போது இறங்கும் என்று எனக்குத் தெரியும். இறங்கியது. என் வலது கால் போனது.

சத்தமே வரவில்லை. நன்றாகப் பட்ட உதைக்குச் சத்தம் இருக்காது. என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அவன் நெற்றிப் பொட்டு வந்து பொருந்தியதை மட்டும் உணர்ந்தேன். அவன் ஒரு முட்டி போட்டு விழுந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. இரண்டு நொடி இருக்கும். பிறகு எழுந்து கையுறையால் என் கையுறையைத் தட்டிச் சிரித்தான்.

தலையில் அடிபட்டு யாராவது விழுந்தால் அவருக்கு அன்றோடு ஆட்டம் முடிந்தது, உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். முகாம் நடத்தியவர்களில் ஒருவர் நடந்து வந்து என்னவென்று கேட்டார். "வழுக்கிடுச்சு சார்" என்றான் இவன். அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் இவன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

"சொல்லிடாதக்கா. இன்னும் ஒரு ரவுண்டு கீது. அதுக்குத்தான வந்தோம்."

மணிப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவனோடு ஆட வேண்டும் என்று அவன் ஐந்து நாளாகக் காத்திருந்தான். அந்தச் சுற்று அடுத்தது. நான் "ஆமா சார், வழுக்கிடுச்சு" என்றேன். அவன் போய் ஆடினான். மேலும் இரண்டு மூன்று குத்து தலையில் வாங்கினான். நான் ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டினேன்.

இப்போது ரயிலில் அவன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தான். வெயில் கண்ணில் பட்டபோதெல்லாம் முகத்தைச் சுளித்தான். தலை வலிக்கிறதா என்று கேட்டேன்.

"லேசா. தூக்கம் இல்லல்ல."

நாயுடுபேட்டை தாண்டியதும் எழுந்து வாசலுக்குப் போய் வெளியே எட்டி வாந்தி எடுத்தான். திரும்பி வரும்போது இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்தான். சூலூர்பேட்டைக்காரி தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அவள் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, தெலுங்கு வீடு, எங்களோடு பேசிப் பேசி எங்கள் தமிழ் அவளுக்கு வந்துவிட்டது.

"ராத்திரி துன்ன பூரிதான். எனக்கும் ஒரு மாதிரிதான் கீது" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பூரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சூலூர்பேட்டை வந்தது. அவள் அடுத்த வாரம் வேறு மாவட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டும், இனி ஷெட்டுக்கு வர முடியாது. அதனால் அந்தப் பிரிவு எங்களுக்குப் பெரிய விஷயம். நால்வரும் வாசலுக்குப் போய் நின்றோம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆரம்பாக்கத்து அண்ணனுக்குக் கும்பிடு போட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, பயிற்சி முடிகிறபோது நாங்கள் செய்வது போல நெற்றியோடு நெற்றி முட்டப் போனாள். நான் சட்டென்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே அவளிடம் கேட்டான்.

"அப்ப நீயும் வைசாக்குக்கு வர்றல்ல? லீவு சொல்லிட்டியா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னொரு தபா போலாம் நைனா, மொதல்ல ஊட்டுக்குப் போய்ச் சேரு" என்று அவன் கையில் தட்டிவிட்டு இறங்கினாள். ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தாள். வேடிக்கைக்குத்தான் கேட்டான் என்று அவள் நினைத்துவிட்டாள். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைக்காதவன் போல, கொஞ்சம் குழம்பி, அவன் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் விசாகப்பட்டினத்துக்குப் போய் வந்தது அந்த நிமிடம் அவன் நினைவில் இல்லை.

அவன் உட்கார்ந்து கண்ணை மூடியதும் ஆரம்பாக்கத்து அண்ணனை வாசல் பக்கம் கூட்டிப்போனேன். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்களில் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். நடந்ததை முழுவதும் சொன்னேன். உதைத்தது, அவன் விழுந்தது, நான் பொய் சொன்னது எல்லாம்.

அவர் இருக்கைப் பக்கம் எட்டி அவனைப் பார்த்தார்.

"ராவெல்லாம் அவன் கண்ணே மூடலமா. ஒக்காந்துக்கினே வந்தான். தூங்கி எழுந்தா சரியாப் பூடும்."

"தூங்க விட்டா ஆபத்துண்ணா. நேரா டூட்டிக்குப் போறேன்னு வேற சொல்றான். கூண்டுல ஏறுவான். கீழ எத்தினி பேர் நிப்பாங்க."

"ஊட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லு."

"நீங்களும் வாங்க. கும்மிடிப்பூண்டில எறங்கி ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்கு இட்டும்போலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். காலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற சவாரி இருக்கிறது, ஐந்து நாளாக வேறு ஆள் ஓட்டுகிறான், இன்றைக்கும் விட்டால் அந்தச் சவாரி போய்விடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா பேஜாரும்மா. நீ ஒதச்சதுன்னு வெளிய சொல்லிக்காத" என்றார்.

ஆரம்பாக்கத்தில் இறங்கினார். ஜன்னலோரமாகக் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, "பாத்துக்கோமா, போன் பண்ணு" என்றார். ஐந்து நாள் ஒரே தட்டில் சாப்பிட்டவர்களாகப் பிரிந்திருக்க வேண்டியவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிரிந்தோம்.

எளாவூர் தாண்டினால் அடுத்தது கும்மிடிப்பூண்டி. எனக்கிருந்தது பத்து நிமிடம்கூட இல்லை. அவன் எதிரில் உட்கார்ந்து நேராகச் சொன்னேன்.

"இன்னிக்கு நீ டூட்டிக்குப் போக வேணாம். எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா. நேத்து நான் ஒதச்சது உன் தலையில பட்டுது. நீ கீழ வுழுந்த."

"எப்போ?"

"நேத்து மத்தியானம்."

"சும்மா இரு யக்கா." அவன் சிரித்தான். "நீ ஒதச்சு நான் வுழுந்தேனா?"

"டிக்கெட் எடுத்தாச்சான்னு எங்கிட்ட மூணு தபா கேட்ட."

"ஒரு தபாதான் கேட்டேன்." சிரிப்பு போய்விட்டது. "எனக்குப் பதிலா ஒருத்தன் அஞ்சு நாளா டபுள் டூட்டி பாத்துக்கினு கீறான். இன்னிக்குக் காலைல வந்துடறேன்னு சூப்பர்வைசர்கிட்ட வாக்கு குடுத்துட்டு வந்திருக்கேன். போகலன்னா என்னா நெனைப்பாங்க? சண்டைக்குப் போய் அடிபட்டுக்கினு வந்துட்டான்னுதான நெனைப்பாங்க? அப்பால என்ன எவன் மேல ஏத்துவான்?"

அவன் இவ்வளவு கோர்வையாகப் பேசியது எனக்குப் பயத்தை அதிகப்படுத்தியது. ஒரு நிமிடம் சரியாக இருக்கிறான், அடுத்த நிமிடம் இல்லை. எந்த நிமிடத்தில் அவன் கையில் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் அவனோடு நானும் இறங்கினேன். பொன்னேரி டிக்கெட் என் கையிலேயே கசங்கியது. ஸ்டேஷன் வாசலில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ ஏன் இங்க எறங்கின? உன் ஊரு பொன்னேரி."

"உன்னோட வர்றேன்."

"வேணாங்கா. கூட ஒரு பொம்பள வந்து உட்டுட்டுப் போனா கேட்ல கிண்டல் பண்ணுவாங்க."

தொழிற்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் அவன் ஏறினான். நானும் ஏறினேன். எங்களைச் சுற்றி டிபன் பையோடு ஐந்தாறு பேர். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் மனைவிக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அவள் வேலை செய்கிற தையல் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவன் தலை குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலும் என் காலில் பட்டது போல இருந்தது.

ஆலை வாசலில் இறங்கியதும் ஒருமுறை அவன் கையைப் பிடித்தேன். நான்கு வருடமாகப் பிடித்துப் பழகிய கை. உதறிவிட்டு நடந்தான். அவனை என்னால் தடுக்க முடியாது. பலத்தால் முடிந்திருக்கும், அது வேறு விஷயம். நான் நேராக கேட் காவலரிடம் போய், சேஃப்டி ஆபீசரைப் பார்க்க வேண்டும், உடனே பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார்.

"இந்தத் தம்பிக்குத் தலையில அடிபட்டிருக்கு. கிரேன் மேல ஏத்தாதீங்க."

அவன் திரும்பி நின்றான். வாசலில் வரிசையாக நின்ற ஆட்களும் திரும்பினார்கள். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. நம்பமுடியாமல் பார்த்தான்.

"யக்கா, இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

சேஃப்டி ஆபீசர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், பொறுமையானவர் போலத் தெரிந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவனை நிற்க வைத்து விசாரித்தார். பெயர், இன்றைக்கு என்ன கிழமை, எத்தனை மணி, எந்தக் கிரேன், அவசரத்தில் எந்த சுவிட்சை அமுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னான். கோடு மாதிரி நேராக நடந்து காட்டினான். ஒற்றைக் காலில் நின்றும் காட்டினான். அதில் அவன் தோற்க மாட்டான், அதுதானே நாங்கள் தினமும் செய்வது.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "நீங்க இவருக்கு யாரும்மா?"

"கூடப் பயிற்சி பண்றவ."

"ஏதாச்சும் சண்டையா உங்களுக்குள்ள?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது. நான்தான் உதைத்தேன், நேற்று கேட்டபோது பொய் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் நம்பிக்கை கூடவில்லை, குறைந்ததாகத்தான் பட்டது. "சரி, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, அவனிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதலில் தன் அறைக்கு வரச் சொன்னார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு அவன் ஏணி ஏறிவிடுவான்.

அவன் காவலர் மேசையில் குனிந்து கையெழுத்துப் போட்டான். பேனாவை வைத்தான். நாலு அடி நடந்தான். நின்றான். திரும்பி வந்து காவலரிடம் கையை நீட்டினான்.

"பேனா குடுண்ணா. கையெழுத்து போடணும்."

காவலர் ரிஜிஸ்டரைக் காட்டி, "இப்பதான போட்ட?" என்றார். அவன் குனிந்து தன் கையெழுத்தையே பார்த்தான். மை இன்னும் காய்ந்திருக்காது. யாருடையதோ போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைத் தேடினான். அவ்வளவு நேரம் என்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் போய், பயம் மட்டும் அந்தக் கண்ணில் இருந்தது.

"யக்கா," என்றான். "இன்னாக்கா ஆச்சு எனக்கு?"

ஆபீசர் அதற்குள் ஆலை வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். வண்டியில் அவன் பின்சீட்டில் சாய்ந்திருந்தான், தூங்கவிடாமல் நான் பேசிக்கொண்டே வந்தேன். பொன்னேரியைத் தாண்டும்போது என் வீட்டைக் காட்டி ஏதோ சொன்னேன். மீஞ்சூரில் லாரிகளின் பின்னால் வண்டி நின்றுவிட்டது. பதினைந்து நிமிடம் அசையவில்லை. அவன் பேச்சு குழறத் தொடங்கியது அங்கேதான். டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். முன்சீட்டில் இருந்த ஆலைக்காரர் ஒருவர் இறங்கி ஓடி, லாரிகளை ஒதுக்கச் சொல்லிக் கெஞ்சினார். அவன் விரல்களை என் கையில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். ஏழு வரை சொன்னான். திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். ஒருமுறைகூடப் பத்துக்குப் போகவில்லை.

ஸ்கேனில் மூளைக்கு மேலே மெல்லிய ரத்தக் கசிவு தெரிந்தது. ஆபரேஷன் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம், காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

மதியத்துக்கு மேல் அவன் மனைவியை ஆலை வண்டியில் கூட்டி வந்தார்கள். தையல் கம்பெனியின் நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். உள்ளே போய் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள். ஷெட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள், என்னைத் தெரியும்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

அவள் தலையை ஆட்டினாள். ஆலை வண்டியில் வந்தவர் வழியிலேயே சொல்லியிருப்பார் போல. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"வெளையாட்டுல அடி படும். அது தெரிஞ்சுதான் அனுப்புனேன். நேத்தே ஏன் சொல்லல?"

சொல்லாதே என்று அவன்தான் கேட்டான். அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. உள்ளே படுத்திருக்கிறவனால் ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. அவன்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கலாம். சொல்லவில்லை.

"தப்புதான்" என்றேன்.

"தப்புதான்" என்று அவளும் சொல்லிவிட்டு, போய்த் தள்ளி உட்கார்ந்தாள். நான்கு நாள் அந்த வராந்தாவில் இரண்டு பேரும் இருந்தோம். நான் சாப்பாடு வாங்கி வந்தால் வாங்கிக்கொள்வாள். பேச மாட்டாள்.

கசிவு தானாகவே நின்றது. ஆபரேஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி தலையில் அடிபடும் எந்த விளையாட்டும் கூடாது, ஒரு வருடத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, உயரத்தில் வேலை கூடாது. முகாமின் ஐந்து நாளில் முதல் இரண்டு நாள் மட்டும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. கடைசி நாளும் ரயிலும் ஆலை வாசலும் முழுக்கப் போய்விட்டன. ஆலையில் அவனை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கூண்டில் வேறு ஆள். கிரேன் தலைக்கு மேல் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போல்ட், நட் எடுத்துக் கொடுக்க அவனால் முடியவில்லை என்று ஆரம்பாக்கத்து அண்ணன்தான் வந்து சொன்னார். அன்றைக்கு நடந்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் பொய் சொன்னவள்தான், அவரை மன்னிக்க எனக்கு என்ன இருக்கிறது. மறுபடி சேர்ந்து பயிற்சி செய்கிறோம்.

ஏழெட்டு மாதம் அவன் ஷெட் பக்கம் வரவில்லை. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். வாங்க என்று சொல்லி டீ கொடுத்தான், டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினான். பிறகு திருவள்ளூரில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, மனைவிக்கும் அங்கேயே தையல் வேலை, வீடு மாற்றிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சாமான் முன்னாலேயே போய்விட்டது. அவர்கள் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸுக்காக நிற்பார்கள் என்று தெரிந்து, ஷிஃப்டுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் மனைவி ஏதோ வாங்க வேண்டும் என்று கடைப் பக்கம் நகர்ந்தாள். எங்களுக்காகத்தான் நகர்ந்தாள் என்று பிற்பாடு தோன்றியது.

"ஒன்னு கேக்கணும்கா," என்றான். "அத்தன பேரு முன்னாடி கேட்ல சொன்ன. நல்லதுக்குத்தான், உயிர் கெடச்சுது, எனக்குத் தெரியும். ஆனா அங்க, ஹால்ல, அந்த சார் வந்து கேட்டாருன்னு சொல்றாங்க. அவருகிட்ட ஏன் சொல்லல? அங்கியே சொல்லியிருந்தா ஒரு நாள் முன்னாடியே பாத்திருப்பாங்க. எல்லாரு முன்னாடியும் கேட்ல அப்பிடி நின்னிருக்க மாட்டேன்."

எட்டு மாதமாக அவன் மனதில் இது ஓடியிருக்கிறது. பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல நான் சாலையைப் பார்த்தேன். சொன்னால் சாக்குப்போக்கு. சொல்லாவிட்டால், தன் தலைக்குள் காணாமல் போன அந்த ஒரு நாளைப் பற்றி அவனிடம் நான் இன்னொரு பொய்யை வைத்துக்கொண்டிருப்பேன்.

"நீ சொல்லாதன்னு கேட்ட" என்றேன். "இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, அதுக்குத்தான வந்தோம்ன்னு சொன்ன. நான் உன் பேச்சக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கும் நீ அந்த ரவுண்டு ஆடணும்னு இருந்துது. ஒதச்சது நான்னு வெளிய தெரிய வேணாம்னும் இருந்துது. ரெண்டும்தான்."

அவன் நம்ப மாட்டான் என்று நினைத்தேன். கையால் நெற்றிப் பொட்டைத் தடவினான், அந்தப் பழக்கம் புதிதாக வந்திருந்தது.

"மணிப்பூர்க்காரனோடவா?"

"ஆமா."

"ஆடினேனா?"

"ஆடின."

"எப்பிடி ஆடினேன்?"

"நல்லா ஆடின. ரெண்டு தபா அவன ஓரத்துக்குத் தள்ளின. இடது கைய மட்டும் கீழ விட்ட."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். "சொல்லியிருப்பேன்," என்றான். "அப்பிடிக் கேட்டிருப்பேன் நான்." கொஞ்சம் கழித்து, "நீ கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றான்.

"ஆமா."

பஸ் வந்தது. அவன் மனைவி பையோடு ஓடி வந்தாள். ஏறுவதற்கு முன் என்னிடம், "ஊட்டுக்கு வாங்கக்கா, அங்க வந்து தேடிக்கினு இருக்காதீங்க, போன் பண்ணுங்க" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அவன் படியில் நின்று என் கையைப் பிடித்தான், அழுத்தமாக, எங்கள் ஷெட்டில் பிடிப்பது போல. பஸ் நகரத் தொடங்கியும் விடவில்லை. கண்டக்டர் அதட்டிய பிறகுதான் விட்டான்.

நான் ஷிஃப்டுக்கு நடந்தேன். மன்னித்தானா என்று தெரியாது. மாதம் ஒருமுறை போன் செய்கிறான். வேலையைப் பற்றி, திருவள்ளூர் வெயிலைப் பற்றிப் பேசுவான். போன வாரம் பேசும்போது, வருடம் முடிந்துவிட்டது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார் என்றான். தரையில் ஓடுகிற வண்டிதான், ஆனால் சரக்கை இரண்டு ஆள் உயரத்துக்குத் தூக்கும் என்றான்.